சாயம் போகப் போக

துணிக்கடையில் சேலை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்மணிகள், விலையை விசாரிப்பதற்கு முன்பாகவே "சாயம் போகுமா?" என்று ஒரு கேள்வி கேட்பதும், கடைக்காரர் சற்றும் தயங்காமல் "போகவே போகாதும்மா, தைரியமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வாக்குக் கொடுப்பதும், முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் நிறம் மாறிவிட்டால் அந்தத் துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போய் நியாயம் கேட்பதும் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியங்கள். சாயம் நிலைத்திருப்பதே துணியின் யோக்கியதைக்கு முதல் லட்சணம் என்பது நம்முடைய பொதுவான அபிப்பிராயம். ஆனால், சாயம் போகும் என்பதற்காகவே ஒரு துணியை அதிக விலை கொடுத்து வாங்கி, அது எந்த இடத்தில், எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில் வெளுக்கிறது என்று மாதக்கணக்கில் கவனித்துவரும் ஒரு கூட்டத்தார் டோக்கியோ, ஒசாகா, பாங்காக் முதலிய பெருநகரங்களிலும், சிறு எண்ணிக்கையில் நம் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களிலும் இன்று இருக்கிறார்கள். அவர்கள் உடுத்தும் துணிக்கு ரா டெனிம் என்று பெயர்.

தறியிலிருந்து இறங்கிய துணியைச் சலவை செய்யாமல், கல்லோடு போட்டுப் புரட்டாமல், மருந்து தெளிக்காமல், பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி அப்படியே நிற்க வெட்டித் தைத்து விற்கும் ஜீன்ஸ் அது. நாம் வழக்கமாகக் கடையில் வாங்கும் ஜீன்ஸ் அப்படிப்பட்டதன்று. அது தைத்து முடிந்த பிறகு சலவைச் சாலைக்குப் போய், அங்கே தொடையிலும் முழங்காலிலும் தேய்க்கப்பட்டு, வெளுக்கப்பட்டு, பல காலம் உடுத்தியது போன்ற தோற்றத்தைப் பெற்ற பிறகே நம் கைக்கு வருகிறது. புதுத் துணியை வாங்குகிறோம் என்று நாம் எண்ணிக்கொண்டாலும், அதன் ஆயுளில் ஒரு பங்கை எங்கேயோ ஓர் ஆலையில் யாரோ ஒரு தொழிலாளி நமக்காக முன்கூட்டியே செலவழித்துவிட்டார் என்பதே உண்மை. ரா டெனிமை உடுத்துகிறவர் அந்தப் பங்கைத் தாமே செலவழிக்க விரும்புகிறவர். எனக்கு இந்தப் பழக்கத்தின்மீது மதிப்பு உண்டாவதற்கு அதுவே மூலகாரணம்.

புதிய ரா டெனிம் கால்சட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் மனத்தில் படுவது அதன் விறைப்பு. தரையில் நிறுத்தி வைத்தால் சற்று நேரம் தானாகவே நிற்கும். நிறம், கறுப்பு என்றே சொல்லத்தக்க கருநீலம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மாத்திரம் அதன்மேல் மெல்லிய செம்மை ஓடுவது தெரியும். விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தால் விரல் நுனி நீலமாகிவிடும். கால் முனையைப் புரட்டி உள்புறத்தைப் பார்த்தாலோ, அங்கே நீலம் அநேகமாக இல்லை. சாம்பல் கலந்த வெண்மைதான். காரணம், இத்துணியில் பாவு நூலுக்கு மட்டுமே சாயம் ஏற்றுகிறார்கள்; ஊடை நூல் வெள்ளையாகவே ஓடுகிறது. ஒரு பாவு இழை மூன்று ஊடை இழைகளின் மேலாகத் தாண்டி, நான்காவதன் அடியில் புகுந்து, மறுபடியும் மூன்றைத் தாண்டுகிறது. பக்கத்து இழை ஒரு படி தள்ளி அதையே செய்கிறது. ஆகவே வெளிப்புறத்தில் நீலமும் உட்புறத்தில் வெண்மையும் மிகுந்து, சாய்ந்த வரிகள் துணி முழுவதும் இடைவிடாமல் ஓடுகின்றன. வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நீல இழையை ஊசி முனையால் உருவி எடுத்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருகிப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு ரகசியமும் வெளிப்படும்: இழையின் மேற்புறத்தில் மட்டுமே நீலம் இருக்கிறது; உள்ளே இருப்பது வெள்ளைப் பஞ்சு. செம்முள்ளங்கியைக் குறுக்கே நறுக்கினால் தோல் மாத்திரம் சிவந்திருக்க உள்ளே வெளுத்திருக்குமே, அப்படிப்பட்ட அமைப்பு. மேல்தோல் தேயத் தேய உள்ளிருக்கும் வெண்மை எட்டிப் பார்க்கிறது. ரா டெனிமின் அழகு முழுவதும் இந்த ஒரே விஷயத்தை ஆதாரமாகக் கொண்டது.

இந்த அமைப்பு எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளச் சாயத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அவுரி நீலம் தண்ணீரில் கரையாத பொருள். சாயக்காரர்கள் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்த்து அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது தொட்டியில் இருப்பது நீலமன்று, மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு திரவம். நூற்றுக்கணக்கான பாவு இழைகளை ஒரு வடமாகச் சேர்த்து அந்தத் தொட்டியில் முக்கி மேலே தூக்கியதும், காற்றிலுள்ள பிராணவாயு பட்டு, மஞ்சள்பச்சை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறுகிறது. மறுபடியும் முக்குகிறார்கள், மறுபடியும் காற்றாட விடுகிறார்கள். இப்படி அடுத்தடுத்துப் பல தொட்டிகளைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கருநீலம் வந்து சேரும். ஒவ்வொரு முக்கிலும் நூல் சாயத்தில் இருப்பது சிறிது நேரமே ஆகையால் நீலம் நூலின் நடுவரைக்கும் போய்ச் சேர்வதில்லை; மேலே படலம் படலமாகப் படிகிறது. மேலும், வேறு பல சாயங்கள் பருத்தியோடு இரசாயனப் பிணைப்புக் கொண்டு ஒன்றிவிடுவதைப்போல் இது ஒன்றுவதில்லை. கரையாத நுண்துகள்களாக இழைகளுக்கிடையே சிக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே உரசினால் உதிர்கிறது. துணி வியாபாரியின் கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றும் இந்தக் குணமே டெனிமை உலகத்துத் துணிகளிலெல்லாம் தனியாக நிறுத்துகிறது.

இந்த நீலத்துக்கும் நமக்கும் நெடுநாளைய உறவு உண்டு. தென்னார்க்காட்டிலும், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பையிலும் அவுரி பயிராகி, கற்றொட்டிகளில் ஊறி, கட்டி கட்டியாகக் கப்பலேறியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நெய்வித்துச் சாயமேற்றிய நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் சென்று, அங்கே பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. வங்காளத்தில் துரைமார்களின் நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டு அவுரி விதைத்த குடியானவர்கள் பொறுக்கமாட்டாமல் 1859-ல் கிளர்ந்தெழுந்தார்கள். பீகாரிலுள்ள சம்பாரணில் அதே அவுரியின் பொருட்டு 1917-ல் காந்தியடிகள் குடியானவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு எழுதுவித்தார். அதற்கு முன்பே, ஜெர்மனியில் பேயர் என்ற இரசாயன சாஸ்திரி அவுரி நீலத்தின் அமைப்பை ஆராய்ந்து தெளிந்திருந்தார்; 1897-ல் பாஸ்ஃப் என்னும் ஜெர்மானியக் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்திய அவுரியின் பெருவியாபாரம் அதன் பிறகு பழைய நிலைக்கு எழுந்திருக்கவேயில்லை. இன்று உலகத்தில் நெய்யப்படும் டெனிமில் மிகப் பெரும்பான்மை செயற்கை நீலத்தில் தோய்ந்ததே. இயற்கை அவுரியில் தோய்த்தது வேண்டுமென்று தேடி, அதற்காகப் பெருந்தொகை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜீன்ஸின் கதை அமெரிக்காவில் நெவாடா மாகாணத்து ரீனோ நகரில், ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரின் கடையில் ஆரம்பமாகிறது. எவ்வளவு அழுத்தமான துணியில் தைத்தாலும் தொழிலாளிகளின் கால்சட்டைகள் பையோரத்தில் கிழிந்துவிடுவதைக் கண்டு, அந்த இடங்களில் செப்பு ரிவெட்டுகளை அடித்துப் பார்த்தார் அவர், கால்சட்டை நிலைத்தது. காப்புரிமைக்கு வேண்டிய பணத்துக்காகத் தமக்குத் துணி சப்ளை செய்துவந்த சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20-ஆம் தேதி இருவர் பெயராலும் காப்புரிமை வழங்கப்பட்டது. சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் மாட்டுப் பண்ணையிலும் பாடுபட்ட அக்காலத்து ஜனங்கள் உடுத்திய டெனிம் எல்லாமே சலவை காணாத டெனிம்தான். அதற்கென்று தனிப்பெயர் வைக்க வேண்டிய அவசியமே அப்போது இல்லை. முதல் நீரில் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கும் துணியாகையால், பெரிய அளவாகப் பார்த்து வாங்கி, நனைத்து, உடலோடு பொருந்தும்படி செய்துகொள்வது வழக்கமாயிருந்தது. 1930-ஐ ஒட்டி சான்ஃபர்ட் க்ளூயெட் என்பவர் துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது சான்ஃபரைஸ் செய்தல் என்று வழங்குகிறது. அம்முறைக்கு உட்பட்ட ரா டெனிம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் சுருங்காது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பிறகு காலம் மாறியது. உழைப்பாளியின் உடையாயிருந்த ஜீன்ஸை வாலிபர்கள் விநோதத்துக்காக உடுத்த ஆரம்பித்ததும், புதுசின் விறைப்பையும் கருமையையும் பொறுத்துக்கொள்ளும் அவசியம் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. சலவை செய்து மென்மையாக்கிய ஜீன்ஸ் கடைகளை நிறைத்தது. பழைய முறையைக் காப்பாற்றித் தந்தவர்கள் அமெரிக்கர்களைவிட ஜப்பானியர்களே என்று சொல்ல வேண்டும். ஒகயாமா மாநிலத்துக் கோஜிமா, கடலிலிருந்து மீட்டுப் பெற்ற உப்பு நிலத்தில் பருத்தி பயிரிட்டு, பின்னர்ப் பள்ளிச் சீருடை தைப்பதில் பேர்பெற்ற ஊர். அங்கே 1965-ல் அமெரிக்கத் துணியை வரவழைத்து ஜீன்ஸ் தைக்க ஆரம்பித்தார்கள். ஹிரோஷிமா மாநிலத்தில் 1893 முதல் அவுரிச் சாயத் துணியே தொழிலாகக் கொண்டிருந்த கைஹாரா நிறுவனம், 1970-ல் பாவு நூலை வடமாகத் திரித்துத் தோய்க்கும் இயந்திரத்தை அமைத்துக்கொண்டது. பரம்பரையாக நீலத்தை அறிந்த கைகளும், தையலை அறிந்த கைகளும், நாடா ஓடும் பழைய குறுகிய தறிகளும் அந்நாட்டில் ஒருசேர இருந்தது டெனிமுக்கு வாய்த்த பாக்கியம். 1979-ல் ஒசாகாவில் ஸ்டூடியோ தார்ட்டிசான் என்னும் சிறு நிறுவனம் தோன்றியது. அதைத் தொடர்ந்து அவ்வூரில் மேலும் சிலர், பழைய அமெரிக்க ஜீன்ஸ்களைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, அந்த நூலையும் அந்தச் சாயத்தையும் அந்தக் கரையையும் மறுபடியும் உண்டாக்கும் வேலையில் இறங்கினார்கள். அமெரிக்காவிலோ, வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ நகரத்தில் 1905 முதல் டெனிம் நெய்துவந்த ஒயிட் ஓக் ஆலை 2017-ஆம் ஆண்டு முடிவில் மூடப்பட்டது. நம் நாட்டில் அகமதாபாத்தின் அர்விந்த் ஆலை டெனிமில் பெரும் பெயர் பெற்றிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் மேட்டுப்பாளையத்திலும் டெனிம் நெய்திருக்கிறார்கள்.

இனி, உடுத்தும் விஷயத்துக்கு வருவோம். வாங்கும்போது இடுப்புச் சற்றுப் பிடிப்பாக இருப்பதே நல்லது. மேல் பொத்தானைப் போடக் கொஞ்சம் பிரயாசைப்பட வேண்டியிருந்தாலும் சில வாரங்களில் இடுப்பு இளகிக் கொடுக்கும். தொடையும் கவடும் இறுக்கமாயிருப்பது மட்டும் ஆகாது. முதலில் நைந்து கிழிவது அந்த இடமே. சான்ஃபரைஸ் செய்யாத துணியாயிருந்தால், உடுத்துவதற்கு முன் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். கால் நீளத்தை வெட்டி மடித்துத் தைப்பது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டிவிட்டால் பின்னால் கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையைத்தான் உடுத்த வேண்டிவரும். சதுர கெஜத்துக்கு 14 அவுன்ஸ் எடையுள்ள துணி இவ்விஷயத்தில் நடுத்தரம். நம் கணக்கில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 475 கிராம். சென்னையைப் போன்ற கடலோர நகரத்தில் உடுத்துகிறவர் 12 அவுன்ஸுக்கு மேல் போகாமலிருப்பதும், ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை மார்கழிக் குளிர்ச்சி வரும்போது தொடங்குவதும் உசிதம். சித்திரை வெயிலில் ஆரம்பித்தவர் ஒரே வாரத்தில் வெறுத்து அலமாரியில் போட்டுவிட்டால் அதற்குத் துணியைக் குறைகூறுவது நியாயமாகாது.

முதல் சில நாட்கள் கஷ்டமானவைதான். உட்கார்ந்தால் முழங்காலின் பின்புறம் துணி மடிந்து தோலை அழுத்தும்; மாடிப்படி ஏறும்போது தொடை பிடித்து இழுக்கும். ஆனால் துணியின் எதிர்காலம் தீர்மானமாவது இந்த நாட்களில்தான். கஞ்சி ஏறிய துணி, உடல் எங்கே மடிகிறதோ அங்கே மடிந்து, அந்த மடிப்பை மறக்காமல் வைத்துக்கொள்கிறது. மறுநாள் உடுத்தும்போதும் அதே கோட்டில்தான் மடிகிறது. மடிப்பின் மேடு எப்போதும் உரசலுக்கு ஆளாகி வெளுக்கிறது. பள்ளத்தில் ஒளிந்த நீலம் கருமை மாறாமல் நிற்கிறது. உட்கார்ந்து எழுவதால் இடுப்பிலிருந்து தொடைவரை விசிறியாகப் பரவும் வெண்கோடுகள் உண்டாகின்றன. ஜப்பானியர் இவற்றை மீசை என்கிறார்கள். முழங்காலின் பின்னே அறுகோண வடிவில் விழும் மடிப்புகளுக்குத் தேன்கூடு என்று பெயர். கால் முனையின் மடிப்பில், சங்கிலித் தையல் போட்டிருந்தால், துணி ஒரு பக்கமாகச் சுருங்கித் திருகிக்கொள்வதால், முறுக்கிய கயிற்றின் தோற்றம் நாளடைவில் வெளிப்படும். இதற்காகவே யூனியன் ஸ்பெஷல் என்ற பழைய அமெரிக்கத் தையல் இயந்திரங்களைத் தேடிப் பிடித்து வைத்திருக்கும் கடைகள் பல நாடுகளில் உண்டு.

ஒரே பீஸிலிருந்து வெட்டித் தைத்த இரண்டு கால்சட்டைகளை இருவர் உடுத்தினால் ஓர் ஆண்டு கழித்து அவை ஒன்றுபோல் இரா என்பதில்தான் இந்தத் துணியின் விசேஷம் அடங்கியிருக்கிறது. ஒசாகாவின் சுரங்க ரயிலில் நெரிசலில் நின்றபடியே வேலைக்குப் போய்வருகிறவருக்குத் தொடைக் கோடுகள் மங்கலாகவே விழும். படிக்கட்டு ஏறி இறங்குவதால் முழங்கால் மட்டும் முதலில் வெளுக்கும். சைக்கிளில் போகிறவருக்கு இருக்கையின் உராய்வினால் பின்புறம் விரைவில் மெலியும். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணினி பார்க்கிறவருக்குத் தொடைக் கோடுகள் ஆழமாக விழும். சென்னையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு, பெட்ரோல் டாங்கை அணைத்துப் பிடிக்கும் உட்புற முழங்காலில் யாருக்கும் இல்லாத ஒரு வெண்மை வந்து சேரும். வீட்டுக்கு வந்ததும் தரையில் சம்மணமிட்டு உட்காரும் பழக்கமுள்ள நம்மவர்கள் உடுத்தினால், கணுக்காலின் வெளிப்புறமும் முழங்காலின் பக்கவாட்டும் தரையில் படிந்து தேய்கின்றன. நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகிய ஜாதியார் தைத்த உடை, நம் வீட்டுத் தரையில் உட்காருகிறவரின் அடையாளத்தையும் அதே நேர்மையோடு ஏற்றுக்கொள்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சட்டைப்பையில் வைக்கப் பயந்து கால்சட்டையின் முன்பையில் வைக்கும் செல்போன், சில மாதங்களில் தன் நான்கு விளிம்பையும் வெள்ளைச் செவ்வகமாக வரைந்துவிடும். சாவிக்கொத்தும் பணப்பையும் அப்படியே.

நகர வாழ்க்கையில் இதனால் சில சங்கடங்களும் உண்டு. உதிரும் நீலம் எதன்மீது படுகிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையின் கீழ்விளிம்பு, வெளிறிய கான்வாஸ் செருப்பு, தோல் பை, காரின் வெளிர்நிற இருக்கை ஆகிய எதுவும் தப்பாது. முதல் மாதங்களில், அடுத்தவர் வீட்டுக்குப் போனால் வெள்ளை உறை போட்ட சோபாவில் உட்காராமல் மரநாற்காலியைத் தேடிப் போய் உட்கார்வது இதை உடுத்துகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதை. மழையில் நனைந்தால் கணுக்காலும் காலுறையும் நீலமாகும். கணுக்காலின் நீலம் சோப்பில் போய்விடும், காலுறையின் நீலம் போகாது.

எல்லாவற்றையும்விட அதிக விவாதத்துக்கு இடமான விஷயம் துவைப்பதுதான். ஆறு மாதம் தண்ணீரே காட்டக் கூடாது என்பது இதை உடுத்துகிறவர்களிடையே ஏறக்குறைய சாஸ்திரமாகவே வழங்கிவருகிறது. அதற்கு நியாயம் இல்லாமலில்லை: துவைத்தால் கஞ்சி போய்விடும், கஞ்சி போனால் மடிப்பு இடம் மாறும், மடிப்பு இடம் மாறினால் நீலம் எங்கும் ஒரே சீராக வெளுத்துக் கோடுகளின் எடுப்புக் குறைந்துவிடும். சுகாதாரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குப் பதிலாக ஒரு பரீட்சையையும் எடுத்துக்காட்டுவார்கள். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரேச்சல் மக்வீன் என்ற ஆசிரியை, தம் மாணவர் ஒருவர் 15 மாதங்கள் துவைக்காமல் உடுத்திய ரா டெனிமிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்துக் கணக்கிட்டார். பிறகு அதைத் துவைத்து, 13 நாள் உடுத்தச் செய்து, மறுபடியும் கணக்கிட்டார். இரண்டு கணக்குக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதும், இருந்தவை பெரும்பாலும் மனிதத் தோலில் இயல்பாக வாழ்பவையே என்பதும் 2011-ல் வெளியான செய்தி.

இதைக் கொண்டு சென்னைவாசியும் துவைக்காமலே இருக்கலாம் என்று தீர்மானிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரே ஒரு மாணவர், ஒரே ஒரு கால்சட்டை, அதுவும் குளிரும் வறட்சியும் மிகுந்த ஒரு நகரம். வைகாசி மாதத்துப் பஸ்ஸில் நின்று வருகிறவனின் வியர்வைக்கு அது எப்படிப் பிரமாணமாகும்? பாக்டீரியா தீங்கு செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், நாற்றம் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தீங்குதான். மேலும், தெருப் புழுதியிலுள்ள மணல் துணியின் இழைகளுக்கிடையே புகுந்து, ஒவ்வோர் அசைவிலும் அவற்றை அராவுகிறது. கோடுகளின் எடுப்பைக் காப்பாற்றப் போய்த் துணியையே இழப்பதில் என்ன லாபம்? குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் ஓர் இரவு வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது. நம் உடம்போடு வாழும் கிருமிகளில் பல குளிரில் சாவதில்லை. உடம்புச் சூடு பட்டவுடன் மறுபடியும் பெருகத் தொடங்கிவிடும். ஆகவே, முதல் இரண்டு மூன்று மாதம் கூடியவரையில் பொறுத்து, உடுத்தாத நேரங்களில் காற்றாடத் தொங்கவிட்டு, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அதன் பிறகு தேவை வந்தால் தயங்காமல் துவைத்துவிடுவதே விவேகம். உட்புறம் வெளியே திருப்பி, தனி வாளியில், குளிர்ந்த நீரில், வெளுப்பு மருந்து கலவாத சோப்பைக் கொஞ்சமாகக் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்க்காமல் அலசி எடுத்தால் போதும். மாதக்கணக்கில் உழைப்பினால் விழுந்த கோடுகள் ஒரு துவைப்பில் அழிந்துவிடமாட்டா. அழுக்கு நீங்கியதும் நீலத்துக்கும் வெண்மைக்கும் உள்ள வித்தியாசம் முன்னைவிடத் தெளிவாகவே தெரியும்.

ஒரு கால்சட்டை வெளுப்பதற்காக இவ்வளவு பொறுமை எதற்கு, கடையில் வெளுத்ததே கிடைக்கிறதே என்று கேட்கிறவர்கள், கடையிலிருப்பது எப்படி வெளுத்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடையில் விழும் மீசைக் கோடுகளைத் தொழிலாளிகள் உப்புத்தாளால் கையால் தேய்த்து உண்டாக்குகிறார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் துப்பாக்கியால் தெளித்து வெளுக்கிறார்கள். எரிமலைக் கல்லோடு சேர்த்து ராட்சதச் சலவை யந்திரத்தில் புரட்டுகிறார்கள். இப்போது பல ஆலைகளில் லேசர் கதிரால் மேற்பரப்பைச் சுடுகிறார்கள். இவற்றிலெல்லாம் கொடியது மணலை அழுத்தக்காற்றோடு துணியின்மேல் வீசியடிக்கும் முறை. துருக்கியில் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில் இவ்வேலை செய்த இளைஞர்கள், சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பல பத்தாண்டுகளில் வரக்கூடிய சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்குச் சில ஆண்டுகளிலேயே இரையானதை அந்நாட்டு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மூச்சோடு உள்ளே போன மணல்தூள் நுரையீரலைத் தழும்பாக்கிவிடுகிறது. அந்தத் தழும்பை மாற்ற மருந்து கிடையாது. பலர் இறந்தார்கள், பலர் நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையில் காலத்தைக் கழித்தார்கள். 2009-ல் துருக்கி அரசாங்கம் அம்முறையைத் தடை செய்தது. அடுத்த ஆண்டிலிருந்து பெரிய கம்பெனிகள் சில தாமே அதைக் கைவிடுவதாக அறிவித்தன. தடை வந்த இடத்திலிருந்து வேலை வேறு நாடுகளுக்குப் பெயர்ந்து போனது.

உடுத்தப்போகிற ஒருவருடைய தொடையில், அவர் உட்காராத நாட்களின் அடையாளத்தை முன்கூட்டியே வரைந்து கொடுப்பதற்காக இருபது வயதுப் பையன் ஒருவன் தன் மூச்சைக் கொடுத்தான் என்பதை அறிந்த பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக வெளுத்துத் தொங்கும் ஜீன்ஸைப் பழைய கண்ணோடு பார்க்க என்னால் முடிவதில்லை. ரா டெனிம் முழுக்க முழுக்கப் பாபமற்றது என்று நான் வாதிக்கவில்லை. அதற்கும் பருத்தி வயலில் நீர் பாய வேண்டும். அதன் சாயத்தொட்டியிலும் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் உண்டு. கழிவு நீரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று அந்த ஆலையையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால், தேய்மானம் என்ற ஒரு வேலையையாவது அது அடுத்தவன் தலையில் கட்டாமல், உடுத்துகிறவனிடமே ஒப்படைக்கிறது. உடுத்துகிறவனுக்கு அதில் நஷ்டமொன்றுமில்லை. அவன் வழக்கம்போல் உட்கார்கிறான், நடக்கிறான், படியேறுகிறான்.

இந்த ஒப்படைப்பை ஏற்றுக்கொண்டவர் பழுதுபார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கவடும், பின்பையின் மேல்மூலையும், பொத்தான் துளையும், கால் முனையும் இத்துணி முதலில் இளகும் இடங்கள். கிழிந்த பிறகு ஒட்டுப்போடுவதைவிட, நைவது தெரிந்தவுடன் உட்புறத்தில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, அதே நீல நூலால் பாவின் திசையிலேயே நெருக்க நெருக்கத் தையல் ஓட்டிவிடுவது நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் அநேகமாகத் தெரியாது. ஜப்பானில் இதற்கென்றே கடைகள் உண்டு. நம் ஊரில், கிழிந்த சட்டைக்கும் பட்டுச் சேலைக்கும் இழை தெரியாமல் இழையோட்டித் தருகிறவர்கள் பழைய கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்கும்போது, தடித்த துணிக்குத் தக்க பெரிய ஊசியும், முறுக்கேறிய நூலும் போடும்படி சொல்லி, நைந்த இடத்தைச் சுற்றி விரற்கடை அளவு நல்ல துணியிலும் தையல் ஏறும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்கு முன் துவைத்துக் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.